ஃபிளாஷ் கார்டும் பக்கத்து வீட்டுத் தெலுங்கும்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், முதல் முறையாக எழுதுகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மகளுக்கு நாலரை வயது, யூகேஜி. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன், இங்கிலீஷ் வராமல் வேலையில் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. அவளுக்கு அது வரக்கூடாது என்று போன வருடம் ஒரு டேப் வாங்கி ஃபிளாஷ் கார்டு ஆப் போட்டுக் கொடுத்தேன். படம் வரும், சொல் வரும், குரல் வரும். தினமும் அரை மணி நேரம். இப்போது கிட்டத்தட்ட 600 சொல் தெரியும். ஆக்டோபஸ், ஹெலிகாப்டர், பைனாப்பிள் எல்லாம் டக் டக்கென்று சொல்வாள். ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறார். போன மாதம் பாத்ரூம் போகணும் என்று கேட்கத் தெரியாமல் உடையிலேயே போய்விட்டாள். வீட்டில் என் அம்மா முழுக்கத் தமிழில்தான் பேசுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து தெலுங்கு வேறு பேச ஆரம்பித்துவிட்டாள். இதனால்தான் குழம்புகிறாளோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவைக் கொஞ்சம் குறைத்துப் பேசச் சொல்லலாமா? வேறு ஆப் மாற்றலாமா, இல்லை அட்டையாகவே வாங்கிவிடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் சரியாக இருக்கும்? நான் பேசிக் கொடுக்கலாம், ஆனால் தப்பாகப் பேசி அவளைக் கெடுத்துவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அ., ஓசூர்

அன்புள்ள அ.,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்கு முன்னால் குழந்தை வந்துவிடுகிறது, கையில் டேப்போடு. ஆன்ட்டிக்கு அனிமல்ஸ் சொல்லிக் காட்டு. அதுவும் சொல்கிறது, நாம் கைதட்டுகிறோம், அப்புறம் அது உள்ளே போய்விடுகிறது. அந்த ஆன்ட்டியோடு அது ஒரு வார்த்தை பேசியதா என்று யாரும் கவனிப்பதில்லை. உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது.

முதலில் சின்னக் கேள்விகளைத் தள்ளிவிடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை சொல் என்பதற்கு நான் எண் தரப் போவதில்லை. ஆப்பா அட்டையா என்பதும் எனக்கு ஒன்றுதான், அட்டை என்றால் கீழே விழுந்தால் உடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். திரை நேரம் பற்றிய குற்றவுணர்ச்சி இருந்தால் அதையும் விடுங்கள். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் அரை மணி அதற்குள் அடங்கிவிடுகிறது.

என்னை நிறுத்திப் பிடித்தது வேறு ஒரு வரி. தெலுங்கு "வேறு" பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ சொறி சிரங்கு ஒட்டிக்கொண்ட மாதிரி. தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தெலுங்குக்கு எந்த ஆப் போட்டீர்கள்? எத்தனை கார்டு? எந்த மிஸ் டைரியில் குறிப்பு எழுதினார்? ஒரு பைசா செலவில்லாமல், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள், உங்கள் பிள்ளை ஒரு மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதை நீங்கள் புகார்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்!

அவள் தெலுங்கில் என்ன பேசுகிறாள் என்று ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்டதில்லை, ஆனால் பந்தயம் கட்டுவேன். இலா ரா. நாக்கு காவாலி. அதி நாதி. நேனு ரானு, போ. இங்கே வா, எனக்கு வேணும், அது என்னுடையது, நான் வரமாட்டேன். ஆக்டோபஸுக்குத் தெலுங்கில் என்ன என்று அவளுக்குத் தெரியாது, அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது, அதனால் யாருடைய விளையாட்டும் நிற்கவில்லை.

இப்போது அந்த 600 சொல்லை எடுத்துப் பாருங்கள். மிருகம், பழம், காய்கறி, வண்டி, நிறம், உடல் உறுப்பு. ஏன் எல்லாமே பெயராக இருக்கிறது? படம் வரையக்கூடியது மட்டும்தான் கார்டில் ஏறும். ஓடு, குதி, தூங்கு என்று கொஞ்சம் வினையும் வைத்திருப்பார்கள், ஆனால் "கொடு" என்பதை எப்படி வரைவீர்கள்? இரண்டு கை வரைந்தால் அது வாங்குவதா கொடுப்பதா? "இன்னும்" என்பதை? "அப்புறம்", "வேண்டாம்", "அவன்தான் முதலில் அடித்தான்"? ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் உயிர் போகிற தேவை இந்தச் சொற்களுக்குத்தான். இன்னொன்றும் இருக்கிறது. கார்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: வாட் இஸ் திஸ்? வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பையன் ரப்பரைக் காட்டி வாட் இஸ் திஸ் என்று கேட்கமாட்டான், பிடுங்கிக்கொண்டு போவான். கேட்டால் பதில் சொல்லத்தான் உங்கள் மகள் பழகியிருக்கிறாள். தானாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்க, மறுக்க, சண்டை போட அந்த ஆப்பில் இடமே இல்லை.

உடையிலேயே போய்விட்டாள் என்ற வரியில் எனக்கு வயிறு பிசைந்தது. அந்த ஆப்பில் டாய்லெட் கார்டு கட்டாயம் இருக்கும். காட்டினால் சொல்லியிருப்பாள். அதைவிட எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், நாலரை வயதுப் பிள்ளைக்குத் தமிழில் அதைக் கேட்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அங்கே தமிழில் கேட்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது சொல்லாமலே அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். அந்த மிஸ்ஸை நேரில் போய்ப் பாருங்கள். அவசரத்துக்கு எந்த மொழியில் கேட்டாலும் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பணிவாக, ஆனால் கெஞ்சாமல். ஃபீஸ் கட்டுகிறவர் நீங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கம். சித்தப்பா மாக்கல்லில் சின்னச் சின்ன யானை, ஆமை, பிள்ளையார் செதுக்கி, ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் ஒரு வண்டியில் பரப்பி வைத்திருப்பார். மாமல்லபுரத்துச் சின்னங்களை யுனெஸ்கோ 1984-இல் பட்டியலில் சேர்த்தது, நான் சொல்வது அதற்குக் கொஞ்சம் பிற்பாடு. சித்தப்பா மகள் என்னைவிடச் சின்னவள். லீவு நாளில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். அவளுக்கு ஏபிசிடி முழுசாகத் தெரியாது. ஆனால் பஸ்ஸிலிருந்து வெள்ளைக்காரர்கள் இறங்கியதும் அவள் வாயிலிருந்து வரும் இங்கிலீஷைக் கேட்க வேண்டுமே. கம், கம், சீ. லுக் ஒன்லி, நோ பை, நோ பிராப்ளம். டூ மச்? ஓகே, யூ சே. டுமாரோ யூ கம்? யானைக்கு என்ன சொல் என்று ரொம்ப நாள் அவளுக்குத் தெரியாது, கையில் எடுத்து நீட்டி "திஸ்" என்பாள். யாரோ ஒரு அம்மாள் அதை வாங்கி, ஓ எலிஃபன்ட், என்று கொஞ்சினாள். அன்றைக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது, அப்புறம் போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஸ்பெல்லிங் மனப்பாடமாகத் தெரிந்த நான், அதே அம்மாள் என் பக்கம் திரும்பி வாட் இஸ் யுவர் நேம் என்று கேட்டபோது வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெயர் தெரியாமலா? வகுப்பில் அந்தக் கேள்விக்கு எழுதித்தான் பழக்கம்.

சின்னப் பிள்ளை ரோட்டில் நின்று வியாபாரம் செய்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவள் எட்டாவதோடு நின்றுபோனாள், இன்றைக்கும் வங்கியில் ஒரு படிவத்தை நிரப்ப ஆள் தேடுகிறாள், பள்ளிக்கூடம் அவளுக்குத் தந்திருக்க வேண்டியதைத் தரவில்லை. ஆனால் மொழி எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று நான் பார்த்தது அவளிடம்தான். முதலில் வந்தது வா, பார், சொல், வேண்டாம். பெயர்கள் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன, அதுவும் ஒரு மனுஷி சிரித்துக்கொண்டே கையில் கொடுத்ததால்.

இதைப் படித்துவிட்டு நான் கார்டுக்கு எதிரி என்று முடிவு கட்டாதீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறக்கப் போகிற நேரம் பார்த்துத் திரும்பப் படித்தால் நிற்கும் என்கிற யோசனை அதிலிருந்து வளர்ந்ததுதான். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும் வழியைச் சொன்னார், 2006-இல் அன்கி என்ற மென்பொருள் வந்தது, இன்றைக்கு மருத்துவ மாணவர்கள் பலர் எலும்பு நரம்பு எல்லாவற்றையும் அதில்தான் நெட்டுருப் போடுகிறார்கள். அருமையான கருவி. ஆனால் அது வளர்ந்தவர்களுக்கு, எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு. பிள்ளைக்கு அந்த இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வரும் பயிற்சியை வீடே செய்துகொண்டிருக்கிறது. குளியல் தினமும் வருகிறது, சாப்பாடு மூன்று வேளை வருகிறது, சந்தை வாரத்துக்கு ஒரு தரம். ஊற்று, போதும், சூடு, இன்னொன்று என்று அதே சொற்கள் அதே ஆளோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன.

திரையே கூடாது என்றும் இல்லை. 2014-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நேரில், சிலருக்கு வீடியோ காலில், சிலருக்கு முன்பே பதிவு செய்த வீடியோவில். நேரில் பார்த்தவர்களும் வீடியோ காலில் பேசியவர்களும் கற்றுக்கொண்டார்கள், பதிவைப் பார்த்த பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. வீடியோ கால், பதிவு இரண்டுமே திரைதான். ஒன்றில் அந்தப் பக்கம் இருப்பவர் பிள்ளைக்கு ஈடுகொடுத்துப் பதில் சொல்கிறார், மற்றதில் இல்லை. உங்கள் ஆப் எதில் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு உங்களுக்குக் கசக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான 117 குழந்தைகள். பாதிப் பேருக்குப் படிக்கக் கற்றுத் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட அட்டை, டிவிடி, புத்தகங்களைக் கொடுத்து ஏழு மாதம் பார்த்தார்கள். குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பெற்றோர் கற்றுக்கொண்டுவிட்டதாகவே நம்பினார்கள். கைக்குழந்தைகள் கதை வேறு, உங்கள் மகள் பெரியவள், உண்மையிலேயே 600 பெயர் தெரிந்தவள், சரி. ஆனால் அந்த 600 என்ற எண்ணை எண்ணி வைத்திருப்பது யார்? அவளா, நீங்களா?

உங்கள் அம்மாவைக் குறைத்துப் பேசச் சொல்லலாமா என்று கேட்டதைப் படித்துவிட்டுச் சும்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் இப்போதைக்கு அவளிடம் முழு வாக்கியத்தில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது. ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு, அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று யோசிக்கிற பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் அடுத்த மொழிக்குக் கூடவே போகும். அதை நிறுத்திவிட்டு எதை வைத்து இங்கிலீஷ் பேசச் சொல்வீர்கள், பைனாப்பிளை வைத்தா? அம்மாவின் வாயை மூட நினைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர் காதுக்கு இது போகாமல் இருந்தால் நல்லது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வேலையில் பட்ட அவமானத்தை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், அது ஒரு வரியில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் தப்பாகப் பேசிவிடுவேன் என்று வாயை மூடிக்கொள்கிற அப்பாவைப் பார்த்து அவள் என்ன படிக்கிறாள் என்று யோசியுங்கள். வகுப்பில் அவள் செய்வதும் அதேதானே. தப்பில்லாமல் வருகிற வரைக்கும் பேசாமல் இருப்பது. தெரிந்ததைப் பேசுங்கள் தம்பி. கிவ் மீ த ஸ்பூன், நாட் திஸ், தட் ஒன். 1978-இல் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் ஒரு நர்சரியில் இப்படித்தான் ஒன்று செய்து பார்த்தார்கள். இரண்டு நிறத்தில் தட்டு வைத்து, தெரிந்த நிறத்தைச் சொல்லி அது வேண்டாம், குரோமியம் தட்டைக் கொண்டு வா என்று போகிற போக்கில் பிள்ளையிடம் சொன்னார்கள். குரோமியம் என்று ஒரு நிறத்தைப் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. சரியான தட்டு வந்தது, சில பிள்ளைகளிடம் அந்தச் சொல்லின் சாயல் ஒரு வாரம் கழித்தும் இருந்தது. இதற்கு நீங்கள் இங்கிலீஷ் புலவராக இருக்க வேண்டாம். ஒரு ஸ்பூனும் பொறுமையும் போதும். உங்கள் உச்சரிப்பைக் கெடுதல் என்று நினைக்காதீர்கள், பள்ளியிலும் வெளியிலும் கேட்கக் கேட்க அவள் மாற்றிக்கொள்வாள்.

அந்த ஆப்பை அழிக்க வேண்டாம். உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, அவளை டீச்சராக்கி, உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் தப்பாகச் சொல்லுங்கள், திட்டட்டும். யானையைக் காட்டி கேட் என்று சொன்னால் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி ஒரு வரியில்கூட வரவில்லையே? அம்மா வருகிறார், மிஸ் வருகிறார், பக்கத்து வீடு வருகிறது. அவர் வேலைக்குப் போகிறாரா, பிள்ளையோடு என்ன பேசுகிறார், உடை நனைந்து வந்த அன்றைக்கு என்ன சொன்னார்? அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா