வாசகர் கேள்வி பதில்: தேய்ந்துபோன தடிமுனை

கேள்வி: மலையேற்றத்துக்காக வாங்கிய அலுமினியத் தடிகளில் ஒன்றின் முனை வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது, மற்றொன்றின் முனை மழுங்கிவிட்டது. கடையில் கேட்டால் புதிய ஜோடியே வாங்கச் சொல்கிறார்கள். முனையை மட்டும் மாற்ற முடியாதா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக மாற்றலாம். தண்டும், அதன் நீளத்தைக் கூட்டிக் குறைத்து இறுக்கும் பூட்டும் நன்றாக இருக்கும்போது, முனைக்காக ஒரு ஜோடித் தடியைத் தூக்கி எறிவது வீண் செலவு.

முதலில், தொலைந்தது எது என்று பாருங்கள். பலரும் 'முனை போய்விட்டது' என்று சொல்வது, நாற்காலிக் காலில் போடுவதைப் போன்ற ரப்பர் புஷ்ஷைத்தான். அதைக் கழற்றினால் உள்ளே கூம்பு வடிவப் பிளாஸ்டிக் பகுதி ஒன்றும், அதன் நுனியில் பதித்த சிறு உலோகத் துண்டும் தெரியும். அந்த உலோகம் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. எஃகைவிட மிகக் கடினமானது என்பதால்தான் பாறையில் உரசி உரசியும் நீண்ட காலம் தாங்குகிறது. புதிய முனையின் நடுவில் சிறு குழியும் அதைச் சுற்றிக் கூரான விளிம்பும் இருக்கும். அந்த விளிம்புதான் பாறையைக் கவ்வுகிறது. விளிம்பு தேய்ந்து நுனி உருண்டையாகிவிட்டால், பார்வைக்கு முழுதாகத் தெரிந்தாலும் ஈரப் பாறையில் வழுக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: சிமென்ட் தரையில் தடியைச் சாய்வாக ஊன்றி அழுத்துங்கள், நழுவினால் அந்த முனைக்கு வேலை முடிந்தது.

ரப்பர் புஷ் மட்டும் தொலைந்திருந்தால், பிளாஸ்டிக் முனையின் விட்டத்தை அளந்து, இறுக்கமாகப் பொருந்தும் இன்னொன்றை வாங்கிப் போட்டால் போதும். பிளாஸ்டிக் பகுதியே போயிருந்தால் அந்தத் தடியோடு மறுபடி மலைக்குப் போகாதீர்கள். வெறும் தண்டின் விளிம்பு கல்லில் பட்டு நெளிந்துவிட்டால் புதிய முனை அதில் ஏறாது. கார்பன் நாரால் ஆன தண்டு என்றால் நிலைமை இன்னும் மோசம்; நுனி பிரிந்து இழை இழையாகக் கிளம்பிவிடும்.

தண்டு ஒடியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிளாஸ்டிக் பகுதியை வைத்திருக்கிறார்கள். பாறை இடுக்கில் தடி சிக்கிக்கொள்ளும்போது, தண்டுக்குப் பதிலாக முனை வளைந்தோ முறிந்தோ போகும். மாற்றுவதற்கென்றே செய்த பாகம் அது. ஆகவே நல்ல நிறுவனங்கள் அதைத் தனியாகவும் விற்கின்றன. லெக்கி நிறுவனத் தடிகளில் முனையைத் தண்டின் மேல் இறுக்கி அழுத்தியிருப்பார்கள். பிளாக் டைமண்ட் நிறுவனத் தடிகள் பலவற்றில் நுனியை மட்டும் மரையில் திருகிக் கழற்றலாம். உங்களுடையது எந்த வகை என்று பார்த்து, கீழ்த் தண்டின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொண்ட பிறகே வாங்குங்கள். 12, 14 மில்லிமீட்டர் அளவுகள் பரவலாக இருக்கின்றன. கண்ணளவை நம்பி வாங்கினால் இரண்டையும் குழப்பிக்கொள்வோம்.

அழுத்திப் பொருத்திய பழைய முனையைக் கழற்றப் பொறுமை வேண்டும். கீழ்த் தண்டை மற்ற பகுதிகளிலிருந்து முழுவதும் பிரித்தெடுங்கள். பிரிக்காமல் முறுக்கினால் உள்ளிருக்கும் பூட்டு பழுதாகும். மண்ணைத் தடுக்கும் வட்டத் தட்டு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பிறகு முனையை மட்டும் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தால் பிளாஸ்டிக் இளகும். தடித்த துணியால் தண்டைப் பிடித்துக்கொண்டு, குறட்டால் முனையைப் பற்றி, முறுக்கியபடியே இழுங்கள். வரவில்லையென்றால் முனையின் மேல்விளிம்பில் ஸ்பேனரின் வாயைப் பொருத்தி, கீழ்நோக்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கார்பன் தண்டை வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) நேரடியாக இறுக்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். நார்களைப் பிணைத்திருக்கும் பிசின் வெப்பத்தில் கெட்டுவிடும்.

புதிய முனையைப் போடுமுன் தண்டின் நுனியைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். முனையைக் கையால் செருகிவிட்டு, மரப்பலகையின் மேல் தண்டைச் செங்குத்தாக நிறுத்தி நாலைந்து முறை பலமாகக் குத்துங்கள். உடல் எடையை ஏற்ற ஏற்ற அது இன்னும் இறுகும். எபாக்சியோ உடனடிப் பசையோ வேண்டவே வேண்டாம், அடுத்த முறை கழற்றவே முடியாது. தளர்வாக இருக்கிறது என்றால் சூடாக்கி உருக்கும் ஹாட் குளூவை மெல்லியதாகத் தடவுங்கள். அது கொதிநீரில் மறுபடி இளகிவிடும். இரண்டு முனைகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு தடி பற்றி, மற்றொன்று வழுக்கினால் இறக்கத்தில் உடல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அப்படித்தான் ஒருமுறை என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

கேள்வி: ரப்பர் புஷ் எத்தனை வாங்கினாலும் ஓட்டையாகிறது, இல்லையென்றால் தொலைகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓட்டை விழுவது உள்ளிருந்துதான். கார்பைடு நுனி ஒவ்வோர் ஊன்றலிலும் ரப்பரைக் குடைந்துகொண்டே வருகிறது. துளை சிறிதாக உள்ள ஓர் இரும்பு வாசரை உள்ளே அடிப்பகுதியில் போட்டுவிட்டு முனையைச் செருகுங்கள். ரப்பர் நெடுநாள் உழைக்கும். தொலைவதற்குச் சேறுதான் காரணம், அது உறிஞ்சிப் பிடுங்கிவிடுகிறது. சேற்றிலும் புல்லிலும் ரப்பரால் பயனும் இல்லை. தார்ச்சாலை, கற்படிகள், கட்டாந்தரை ஆகியவற்றுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டு, மண்பாதையில் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

கேள்வி: வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியின் அடி நார் நாராகப் பிளக்கிறது. இதற்கும் முனை போடலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: போடலாம். அதற்கு முன், பிளந்த பகுதியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வாளால் நேராக அறுத்துவிடுங்கள். கணுவில் உள்ள குறுக்குச் சுவர் பிளவு மேலேறாமல் தடுக்கும். இரண்டு கணுக்களுக்கு நடுவே அறுத்தால் வெறுங்குழாய்தான் மிஞ்சும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு, உலக்கைக்குப் போடுவதைப் போல ஓர் இரும்புப் பூணை இறுக்கிப் போடுங்கள். பூண் கிடைக்காவிட்டால் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி முறுக்கலாம். அதன் மேல் கைத்தடிக்கான ரப்பர் புஷ் ஒன்றையும் போட்டுக்கொண்டால் கற்படிகளில் வழுக்காது, சத்தமும் குறையும்.