ஆறு அறை வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: கொல்லிமலையில் செம்மேடு பக்கம் மிளகும் காபியும் போட்ட 2 ஏக்கர் இருக்கிறது, பழைய ஓட்டு வீடும் உண்டு. 30 லட்சம் கடன் வாங்கி ஆறு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். துணியலாமா?
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: தொழில் நல்லதுதான் அம்மா, கடன்தான் இடிக்கிறது. 10 சதவீத வட்டியில் பத்து வருஷத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 40,000 கட்ட வேண்டும். உங்கள் மலைக்குக் கூட்டம் சனி, ஞாயிறுதான். மாதம் எட்டு இரவு, ஆறு அறையும் நிரம்பி, அறைக்கு 1,000 வாங்கினாலும் 48,000. கரண்ட், சலவை, ஆள் கூலி போக என்ன மிஞ்சும்? ஆடி 18, வல்வில் ஓரி விழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து வருஷக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஓட்டு வீட்டிலேயே இரண்டு அறையை ஒதுக்குங்கள். செலவு செய்வதானால் குளியலறைக்குச் செய்யுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறி, முட்டி நடுங்க வருகிறவருக்கு முதலில் வெந்நீர்தான் வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, மழையில் தொப்பலாக வந்து நிற்கும் பைக் பையன்களுக்குத் தாழ்வாரத்தில் துணி உலர்த்த ஒரு கொடி கட்டிவிடுங்கள். மலை விடுதி ஒன்றில் ஈர சாக்ஸை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் படுத்தவன் நான். காலையில் அதையேதான் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஐப்பசி மழையில் மெத்தை ஈரம் கோத்துக்கொள்ளும், வெயில் அடிக்கிற அன்றே வெளியே போட்டுவிடுங்கள். செப்டிக் டேங்க் கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் உங்கள் தோட்டத்து மிளகில் ரசமும் போதும். பரோட்டா மாஸ்டரைத் தேடி அலையாதீர்கள்.

பதிவு செய்யாமல் ஆரம்பிக்க வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 6 அறை, 12 படுக்கை வரை அனுமதி. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். புதிதாகக் கட்டுவதானால், மலைப்பகுதிக் கட்டட விதிகள் உங்கள் கிராமத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வார நாளில் எத்தனை பேர் அறை கேட்டு வருகிறார்கள் என்று மகன் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அடுத்த ஆடி கழிந்ததும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது அறையைப் பற்றிப் பேசுங்கள்.