ஆல்ஃபாவா, டட்சனா? பழைய கூப்பே வாங்குவோருக்கான கேள்வி பதில்

கே: சார், முதல் கிளாசிக் கூப்பே (இரண்டு கதவு கார்) வாங்கப் போகிறேன். இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 1750 ஜிடிவியா, ஜப்பானின் டட்சன் 240 இசட்டா?

ப: எது துரு இல்லாமல் கிடைக்கிறதோ அது. பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், காரடியில் படுத்துப் பாருங்கள். ஆல்ஃபாவில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் ஸ்பேர் வீல் குழியும் முதலில் போகும். 240 இசட்டில் பேட்டரித் தட்டும் தரைக்கு அடியிலுள்ள ரெயில்களும். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள். ஆல்ஃபாவை ஓட்டும்போது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்குச் சட்டென்று இறக்குங்கள். கரகரத்தால் சிங்க்ரோ (கியர் சத்தமின்றி விழ உதவும் வளையம்) தேய்ந்துவிட்டது. அந்தக் கார்களுக்கு அது பரம்பரை வியாதி. விலையைக் குறைத்துப் பேசுங்கள். டட்சனின் 2.4 லிட்டர் எஞ்சின் எவ்வளவும் உழைக்கும், பாடிதான் தாங்காது.

கே: ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகுமா?

ப: பங்குத் தரகரைக் கேளுங்கள்.

கே: ஜப்பான் கூப்பே எல்லாமே இத்தாலியைப் பார்த்து அடித்த காப்பிதானே? அதற்குப் போய் இவ்வளவு விலையா?

ப: இதைக் கேட்காத ஆளில்லை. 1963இல் வந்த ஆல்ஃபா ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடியை, இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேயில் வேலை பார்த்தபோது வரைந்தவர் ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ. பிறகு கியா (Ghia) என்ற இன்னொரு இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போனவர், ஜப்பானின் இசுஸு 117 கூப்பேயை வரைந்தார். 1966 ஜெனீவா கண்காட்சியில் காட்டினார்கள், 1968இல் விற்பனைக்கு வந்தது. அதே கை. சம்பளம் கொடுத்து வரையச் சொன்னதைக் காப்பி என்பீர்களா? ஜப்பானின் ப்ரின்ஸ் கம்பெனி தன் ஸ்கைலைன் ஸ்போர்ட்டின் வடிவத்தையும் இத்தாலியரான மிக்கெலோட்டியிடம் கேட்டு வாங்கியது, ஒளித்து மறைத்து அல்ல. மஸ்தா காஸ்மோ விஷயம் வேறு. 1967லேயே இரண்டு ரோட்டர் எஞ்சினோடு (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர்) அதை விற்றார்கள். அப்போது எந்த இத்தாலியக் கம்பெனி ரோட்டரி கார் விற்றது?

கே: டொயோட்டா 2000ஜிடி? அது அச்சு அசல் ஜாகுவார் இ-டைப்!

ப: பிரிட்டிஷ் ஜாகுவார் எப்போது இத்தாலிக்குக் குடிபோனது? நீண்ட மூக்கில் சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரைந்தது டொயோட்டாவின் சடோரு நோசாகி, தயாரித்தது யமஹா. உயரம் 116 சென்டிமீட்டர்தான். முன்னால் கண்ணாடிக்குள் இரண்டு விளக்கு, மேலே எழும்பி நிற்க இன்னும் இரண்டு. இ-டைப்பில் இதைக் காட்டுங்கள், பேசுவோம்.

கே: நோசாகி பெயரை யார் கேள்விப்பட்டார்கள்? இத்தாலிக்காரர் வரைந்திருந்தால்...

ப: போதும். அடுத்தவர்.

கே: லான்சியா ஃபுல்வியாவா, 240 இசட்டா, எது வாங்கலாம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். காந்தம்.

கே: நிஸானின் பழைய ‘ஹகோசுகா’ ஸ்கைலைன் ஜிடி-ஆர் கூப்பே மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

ப: மலிவு என்றாலே சந்தேகப்படுங்கள். சாதாரண ஸ்கைலைன் 2000ஜிடியின் (டொயோட்டா அல்ல) பின்சக்கர வளைவை வெட்டி, பேட்ஜ் ஒட்டி விற்பவர்கள் ஏராளம். சேஸிஸ் நம்பர் கேபிஜிசி10 என்று தொடங்க வேண்டும். கேஜிசி10 என்றிருந்தால் சாதா கார். பானட்டைத் திறந்து எஞ்சினைப் பாருங்கள்: 24 வால்வு எஸ்20 இருக்க வேண்டும். நம்பர் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.