இருபது தடவை பாத்தும் கண்ல படாத ஆளு

கேள்வி: போன இதழ்ல ஜான் லெ மெசூரியர்னு யாரோ ஒரு பழைய இங்கிலீஷ் நடிகருக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீங்க. நூறு படத்துக்கு மேல நடிச்சும் ஹீரோவா ஒண்ணும் தேறல, எல்லாத்துலயும் அதே சோக மூஞ்சி. ‘தி பிங்க் பாந்தர்’, ‘தி இட்டாலியன் ஜாப்’ ரெண்டையும் பத்து பத்து தடவை பாத்தவன் நான், இப்படி ஒருத்தர் அதுல இருந்ததா ஞாபகமே இல்ல. தோத்துப்போன நடிகருக்கு எதுக்கு சார் இவ்ளோ பில்டப்?

பதில்: பத்தும் பத்தும் இருபது. ஆக இருபது தடவை அவரைப் பாத்துட்டு தான் இந்தக் கேள்வியக் கேக்குறீங்க. ‘பிங்க் பாந்தர்’ (1963) கடைசியில கோர்ட் சீன் வருமே, போலீஸ் இன்ஸ்பெக்டரா வர்ற பீட்டர் செல்லர்ஸைக் கூண்டுல ஏத்திக் கேள்வி மேல கேள்வி கேட்டு, அவர் வேர்த்துப்போய் கர்ச்சீப்பை உருவ, திருடுபோன வைரம் அதோட சேந்து வெளிய வருமே, அந்த வக்கீல் இவர்தான். ‘இட்டாலியன் ஜாப்’ (1969) ஜெயில் கவர்னரும் இவர்தான். நோயல் கவர்ட் கைதியா இருந்துக்கிட்டே மகாராஜா மாதிரி வலம் வருவார், என் டாய்லெட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான், என்னய்யா ஜெயில் நடத்துறேன்னு கவர்னரையே புடிச்சு காய்ச்சுவார், நீங்க சிரிச்சிருப்பீங்க. ஆனா கைதிகிட்ட அதிகாரி டோஸ் வாங்குறான்னு நாம நம்பணும்னா கைதி எவ்ளோ மிரட்டினாலும் பத்தாது சார், எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி அதுக்கு ஒத்துழைக்கணும். நீங்க கவர்டைப் பாத்து சிரிச்சீங்க, சிரிக்க வெச்சது பக்கத்துல நின்னவர்.

ஹீரோ ஆகலங்கறது நெஜம்தான். 1912ல பெட்ஃபோர்டுல பொறந்தவர், வக்கீல் குடும்பம், அப்பா வழியிலயே வக்கீல் ஆபீஸ்ல கொஞ்ச நாள் உக்காந்து பாத்துட்டு இது ஆவறதில்லன்னு 1933ல நடிப்புப் பள்ளியில போய்ச் சேந்துட்டார், அங்க கூடப் படிச்சவர் யாருன்னா பின்னால பெரிய நடிகரான அலெக் கின்னஸ். அப்புறம் நாடகம், அப்புறம் யுத்தம், டாங்கி படையில கேப்டன், நம்ம பக்கம் வடமேற்கு எல்லைப்புறம் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கார். முதல் படம் வர்றப்ப 1948, வயசு 36, கண்ணுக்குக் கீழ பை விழுந்த மூஞ்சி, அந்த மூஞ்சிக்கு எவன் சார் லவ் சீன் குடுப்பான்? டாக்டர் வேஷம் குடுத்தான், ஜட்ஜ், போலீஸ் அதிகாரி, மேனேஜர், மனநல டாக்டர்னு வந்துக்கிட்டே இருந்துச்சு, இவரும் வந்ததை எல்லாம் வாங்கிப் போட்டுக்கிட்டார். ‘பென்-ஹர்’ல கூட ஒரு டாக்டரா வந்துட்டுப் போவார், டைட்டில்ல பேரு கிடையாது. தன்னைக் கூப்பிட்ட வேலைக்குப் போற நடிகன்னு தான் சொல்லிக்குவார், சுயசரிதைக்கே அதான் தலைப்பு.

சின்ன வேஷம்னா சும்மா வேஷம்னு நெனக்கிறவங்க 1959ல வந்த ‘ஐ’ம் ஆல் ரைட் ஜாக்’ பாக்கணும். ஃபேக்டரியில தொழிலாளிங்க எவ்ளோ நேரத்துல என்ன வேலை செய்றாங்கன்னு ஒளிஞ்சு நின்னு வாட்ச்சை வெச்சு அளக்க ஒரு ஆளு வர்றான், விவரம் தெரியாத ஹீரோ இப்படிச் செஞ்சா சீக்கிரம் முடியும்னு அவன்கிட்டயே செஞ்சு காமிச்சிடறான், அதுலேந்து தான் ஸ்டிரைக்கே வெடிக்குது. அந்த வாட்ச் ஆளு லெ மெசூரியர். மூஞ்சி ஒரு பக்கமா வெட்டி வெட்டி இழுத்துக்கும், அடுத்தவனை அவசரப்படுத்தறதே பொழப்பா இருக்கிறவனுக்கு நரம்பு எப்படி இருக்கும்னு வசனமே இல்லாம முடிச்சிட்டார். அந்தப் படத்துக்கு விருது வாங்கினது என்னமோ செல்லர்ஸ், அது வேற கதை.

சரி, அதே மூஞ்சி அதே மூஞ்சின்னு சொல்றீங்களே, 1971ல டென்னிஸ் பாட்டர் எழுதி பிபிசியில வந்த ‘ட்ரெய்ட்டர்’ டிவி நாடகத்துலயும் அதே மூஞ்சிதான். நாட்டைக் காட்டிக்குடுத்துட்டு மாஸ்கோவுல ஃப்ளாட்ல உக்காந்து குடிச்சுக்கிட்டே பேட்டி குடுக்கிற இங்கிலீஷ்காரன். மெயின் ரோல், வாங்கினது பிரிட்டனோட பெரிய சினிமா, டிவி விருதான பாஃப்டா. எத்தனையோ படத்துல சிரிப்புக்குப் பயன்பட்ட அதே தயக்கம், அதே குழைவு, இங்க பாத்தா வயித்தைப் பிசையும். விருதை வாங்கிட்டு என்ன பண்ணார்? திரும்பவும் போய், யுத்த கால ஊர்க்காவல் படையை வெச்சு எடுத்த ‘டாட்’ஸ் ஆர்மி’ காமெடி சீரியல்ல சார்ஜென்ட் வில்சனா நின்னுக்கிட்டார். 1968லேந்து 1977 வரைக்கும் 80 எபிசோட், நெஜ வாழ்க்கையில கேப்டனா இருந்தவர் சார்ஜென்ட், நெஜத்துல சார்ஜென்ட் மேஜரா இருந்த ஆர்தர் லோ அதுல கேப்டன்! யூனிஃபார்ம்ல ஒரு பட்டனைப் போடாம விட்டுட்டு, கேப்டன் ஒரு ஐடியா சொன்னதும் ‘அது சரியா வருமா சார்’னு மெதுவா ஒரு கேள்வி, அவ்ளோதான், லோவுக்கு மூக்கு மேல கோவம் வந்துடும்.

வீட்டு விஷயத்தை இழுக்க வேண்டாம்னு தான் பாத்தேன், ஆனா சொல்லாம இருக்க முடியல. சம்சாரம் ஹாட்டி ஜாக் பெரிய காமெடி நடிகை, அவங்களுக்கு வேற ஒருத்தரோட பழக்கம் ஆகி அந்த ஆளு வீட்டுக்கே குடிவந்தப்ப இவர் மாடி ரூமுக்கு மாறிக்கிட்டார். 1965ல விவாகரத்துன்னு வந்தப்ப, அந்தக் காலத்து சட்டப்படி யாராவது ஒருத்தர் குத்தவாளியா நிக்கணும், ஊர் அவங்களைத் தூத்தக் கூடாதுன்னு தப்பு தன்னோடதுன்னு இவரே ஏத்துக்கிட்டார். வீட்லயும் மெயின் ரோலை அடுத்தவருக்கு விட்டுட்டார் மனுஷன்.

ரெண்டு பக்கம் ஜாஸ்தின்னு சொல்றீங்கல்ல, அதுல மட்டும் உங்க கட்சி தான் அவரும். 1983ல தன்னோட மரண அறிவிப்பைத் தானே எழுதி வெச்சுட்டுப் போனார், ‘டைம்ஸ்’ பேப்பர்ல வந்துச்சு, நம்ம பேச்சுல சொன்னா இப்படி இருக்கும்: நவம்பர் 15ஆம் தேதி மண்டையப் போட்டுட்டதை ஜான் லெ மெசூரியர் தெரிவிச்சுக்கிறார், குடும்பத்தையும் சிநேகிதங்களையும் பிரிஞ்சு ரொம்ப வருத்தப்படுறார். ரெண்டே வரி.