கிளினிக் கொப்பியும் புலமைப்பரிசிலும்: பொதுச் சுகாதார மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்களும், படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் சமுதாய மருத்துவத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். அதில் பாதிக் காலம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் போனது, மீதி மாணவர்களோடு. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மிஸ், நான் வைத்தியர் இல்லை. உயிரியல் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. எம்.பி.எச் (பொதுச் சுகாதார முதுமாணி) செய்யலாமா? பி.ஜி.ஐ.எம்முக்கு விண்ணப்பிக்கலாமா? (தெஹிவளை)

கொழும்பு 7இல் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நாங்கள் பி.ஜி.ஐ.எம் என்று சொல்வது, நடத்துகிற சமுதாய மருத்துவ முதுமாணி எம்.பி.பி.எஸ் முடித்தவர்களுக்கானது. அரச சேவையில் சமுதாய மருத்துவ நிபுணராக வருகிற பாதையும் அதுதான். அந்தக் கதவு உங்களுக்கு இல்லை, அதை நினைத்துக்கொண்டு ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் எம்.பி.எச் என்ற பட்டமே பல துறையினரைச் சேர்த்து உட்கார வைக்கிற பட்டம். தாதியர், பல் வைத்தியர், புள்ளிவிபரம் படித்தவர், சமூகவியல் படித்தவர் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. கொழும்பில் தனியார் நிறுவனங்கள் பல, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் எம்.பி.எச்சை விளம்பரம் செய்கின்றன. காசு கட்டுவதற்கு முன்னால், பட்டம் தருகிற பல்கலைக்கழகத்தின் பெயரோடு வோட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கிற நிறுவனத்தின் பெயர் வேறு, பட்டச் சான்றிதழில் வரப்போகிற பெயர் வேறு.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களில் எதற்கு முயற்சி செய்வது? செவெனிங், கொமன்வெல்த், இராஸ்மஸ் என்று தலை சுற்றுகிறது. (வெள்ளவத்தை, பொரளை, மட்டக்குளி)

எதற்கு நீங்கள் தகுதி என்பதை முதலில் பாருங்கள், பெயரைப் பிறகு பார்க்கலாம்.

செவெனிங் ஐக்கிய இராச்சியத்தில் ஒரு வருட முதுமாணிக்கு. குறைந்தது 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வருடம். படிப்பு முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். விண்ணப்பம் வழமையாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடும். இப்போதுதான் பட்டம் முடித்தவர் என்றால் இதை இரண்டு வருடம் தள்ளி வையுங்கள்.

கொமன்வெல்த்தில் பல வகை இருக்கிறது. அதில் தொலைக்கல்விப் புலமைப்பரிசிலை நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடியே பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் முதுமாணியைச் செய்யலாம். சின்னப் பிள்ளை இருக்கிற ஒரு தாதி உத்தியோகத்தருக்கு நான் சொல்கிற முதல் வழி அது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸில் பொதுச் சுகாதாரத்துக்கென்றே யூரோபப்ஹெல்த் என்ற கூட்டு முதுமாணி உண்டு. இரண்டு வருடம், வேறு வேறு ஐரோப்பிய நாடுகளில். புலமைப்பரிசில் கிடைத்தால் மாதத்துக்கு 1,400 யூரோ.

இனி, யாரும் கேட்காத ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் டி.டி.ஆர் என்ற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டம், வறிய மக்களைப் பாதிக்கிற தொற்றுநோய்களில் ஆய்வு செய்யப் பட்டப்பின் புலமைப்பரிசில் கொடுத்து வந்திருக்கிறது. டாக்காவில் 2004இல் தொடங்கிய பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியும் அதன் பங்காளிகளில் ஒன்று. டாக்கா என்றதும் முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் மாதிரியே மழை, நம் ஊர் மாதிரியே நெரிசல், நம் ஊரில் வருகிற டெங்கு. லண்டனில் புத்தகத்தில் படிப்பதை அங்கே தெருவில் படிக்கலாம். என்னிடம் கேட்டால் களவேலையில் ஆசை உள்ள பிள்ளைக்கு டாக்காதான் நல்லது.

எதற்கு விண்ணப்பித்தாலும் சிபாரிசுக் கடிதம் கேட்கப் போகிறவரிடம் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே போங்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்டால், உங்களை நன்றாகத் தெரிந்த விரிவுரையாளரும் நாலு வரிதான் எழுதுவார்.

உலக சுகாதார நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் எடுத்துத் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

கொடுக்க வேண்டாம். அந்த நிறுவனம் விண்ணப்பத்துக்கோ நேர்முகத்துக்கோ ஒரு சதமும் வாங்குவதில்லை. பட்டப்படிப்பில் மூன்று வருடம் முடித்த, 20 வயது நிரம்பியவர்கள் அவர்களுடைய தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். காலம் 6 முதல் 24 வாரம், உதவித்தொகையும் தருகிறார்கள். பணம் கேட்டவருடைய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், பொலிஸுக்குப் போனால் தேவைப்படும்.

டொக்டர், என் ஆய்வுக்கு ஆங்கில வினாக்கொத்தைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டும். கூகிளில் போட்டுத் திருத்தினால் போதாதா? (பம்பலப்பிட்டி)

நல்லகாலம் கேட்டீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மட்டக்குளியில் ஒரு வீட்டுக்கு மாணவி ஒருவரோடு போயிருந்தேன். வினாக்கொத்தில் இருந்தபடி அவர் கேட்டார்: "உங்களுக்கு நாட்பட்ட நோய்கள் ஏதேனும் உள்ளனவா?" அந்த அம்மா "இல்லை" என்றார். மாணவி 'இல்லை' என்ற பெட்டியில் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் பக்கத்தில் இருந்த பிரிட்ஜைப் பார்த்தேன். மேலே ஒரு சொப்பிங் பேக், அதற்குள் மாத்திரை அட்டைகள், ஓரம் மடங்கிப்போன கிளினிக் கொப்பி. "அம்மா, சீனி இருக்கா?" என்று கேட்டேன். "ஓம், சீனியும் பிரஷரும் பத்து வருஷமா இருக்கு. அதுக்குத்தான் மருந்து குடிக்கிறேனே, அது என்ன வருத்தமா?" என்றார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, மாணவியும் வேலையில் பிழை விடவில்லை. கேள்விதான் அந்த வீட்டின் தமிழில் இல்லை. அப்படி நூறு வீட்டில் நடந்தால் நீரிழிவு குறைந்துவிட்டது என்று நீங்கள் ஒரு கட்டுரை எழுதுவீர்கள்.

இணையத்தில் கிடைக்கிற தமிழ் வினாக்கொத்துகளில் பல தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்தால் வேறு சிக்கல். அங்கே 'சளி பிடித்திருக்கிறது' என்றால் நமக்குத் தடிமன். இங்கே சளி என்றால் இருமும்போது வருவது. காசநோய் ஆய்வில் இந்த ஒரு சொல் போதும், முழுத் தரவும் குழம்பிவிடும். அங்கே 'வருத்தம்' என்றால் மனக்கவலை, இங்கே வருத்தம் என்றால் நோய். 'வயிற்றுப்போக்கு' என்று எழுதினால் படித்தவருக்கு விளங்கும், ஆனால் வீட்டில் சொல்வது 'வயித்தால போகுது'. மனச்சோர்வு பற்றிக் கேட்டால் 'சோர்வு' என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு உடம்பு அலுப்பைச் சொல்வார்கள். கொழும்பிலேயே யாழ்ப்பாணத்துத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம் மக்களின் தமிழ் மூன்றும் ஒரே தெருவில் இருக்கின்றன.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒருவர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்புறம் கொட்டாஞ்சேனையில் நாலு பேர், மாளிகாவத்தையில் நாலு பேர், வெள்ளவத்தையில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, "இது என்ன கேட்குது என்று நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். விடையைக் கேட்க வேண்டாம், கேள்வி எப்படி விளங்கியது என்பதைக் கேளுங்கள். இரண்டு வாரம் போகும். போகட்டும்.

இன்னொன்று. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மூன்றும் வருகிற ஆய்வு உதவியாளருக்குக் கொழும்பில் எப்போதும் தேவை இருக்கிறது. சுயவிபரத்தில் 'தமிழ்: தாய்மொழி' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்த வினாக்கொத்தைத் தமிழாக்கினீர்கள், எத்தனை பேரிடம் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

தெரியாமல், ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன்பே தரவு சேகரித்துவிட்டேன். இப்போது விண்ணப்பித்து அனுமதி எடுக்கலாமா? (மருதானை)

முடியாது, தம்பி. நடந்து முடிந்ததற்கு எந்தக் குழுவும் அனுமதி தராது. திகதியை மாற்றிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்படி முந்நூறுக்கு மேற்பட்ட படிவங்களைக் கட்டிவைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அழுதுகொண்டுதான் தொடங்கினார், ஆனால் முடித்தார். இன்றைக்கே உங்கள் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், பிறகு வழி சொல்வார்.

நெறிமுறை அனுமதியோடு நிர்வாக அனுமதியும் தனியாக வேண்டும். மருதானை மாநகர எல்லைக்குள் வருவதால் கொழும்பு மாநகர சபையின் பிரதம சுகாதார வைத்திய அதிகாரியிடம் போக வேண்டும். தெஹிவளை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம். இதை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

ஆய்வு செய்யக் கையில் காசில்லை. தரவு எங்கே எடுப்பது? (கிருலப்பனை)

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடுகிற அறிக்கையைத் திறந்து பாருங்கள். வைத்தியர் ஒருவர் டெங்கு என்று சந்தேகித்தால் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். அது சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் உறுதி செய்கிறார், பிறகு எச் 399 என்ற வாராந்தத் திரட்டாகக் கொழும்புக்கு வருகிறது. அந்த எண்கள்தான் மாவட்ட வாரியாக அறிக்கையில் இருப்பவை. 2017இல் நாடு முழுக்க 186,101 டெங்கு நோயாளிகள் என்று நாம் சொல்கிற எண்ணும் இப்படித் தனித்தனிப் படிவமாக வந்து சேர்ந்ததுதான்.

பத்து வருட வாராந்த எண்களை எக்செலில் தட்டி, மழைவீழ்ச்சியோடு வைத்துப் பாருங்கள். மழைக்குப் பின் எத்தனை வாரத்தில் ஏறுகிறது என்று நீங்களே காண்பீர்கள். புள்ளிவிபரத்துக்கு ஆர், வரைபடத்துக்கு கியூ.ஜி.ஐ.எஸ், இரண்டு மென்பொருளும் இலவசம். 2016 குடிசன, சுகாதார மதிப்பாய்வு வேண்டுமானால் பத்தரமுல்லையில் உள்ள தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். என்ன மாறிகள் வேண்டும், ஏன் என்று தெளிவாக எழுதுங்கள்.

அமெரிக்க உதவி நின்றுவிட்டது, உலக சுகாதார நிறுவனத்திலும் ஆட்குறைப்பு. இனி இந்தத் துறையில் வேலை இருக்குமா? (கொழும்பு 6)

பயம் நியாயமானது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எயிட் அந்த வருடம் ஜூலையோடு மூடப்பட்டது. பல நாடுகளில் திட்டங்கள் ஒரே இரவில் நின்றன. சர்வதேச நிறுவன வேலையை மட்டும் நம்பிப் படிக்கிறவர்களுக்கு அடுத்த சில வருடங்கள் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் வெளிநாட்டுத் திட்டங்களால் கட்டப்பட்டு நிற்பது அல்ல. தொடக்கத்தில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் கை இருந்தது உண்மை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு நாடு முழுக்க அதைப் பரப்பிக் காப்பாற்றியது நம் வரிப்பணமும் நம் குடும்ப நல உத்தியோகத்தர்களும்தான். நீரிழிவும் முதுமையும் பெருகுகிற நாட்டில் வேலை தீராது. தரவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரையும், மூன்று மொழியில் அறிக்கை எழுதத் தெரிந்தவரையும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

என் மகள் டொக்டர் ஆகாமல் இதைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது? (ஒரு அம்மா, வெள்ளவத்தை)

அக்கா, மலேரியாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1963இல் இந்த நாட்டில் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்து தெளிப்பதையும் நோயாளிகளைத் தேடுவதையும் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பாடுபட்டு, 2012இல் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளியைக் கண்டோம். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அதைச் செய்தவர்களில் வைத்தியர்கள் இருந்தார்கள். நுளம்பு பிடித்து எண்ணிய பூச்சியியல் உத்தியோகத்தர்களும், காட்டோரக் கிராமங்களில் இரத்தப் பூச்சு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களும் அதைவிட அதிகம் பேர். போர் நடந்த வருடங்களிலும் அவர்கள் அந்த வேலையை விடவில்லை.

உங்கள் மகள் படிக்க விரும்புவது அந்த வேலையை. எனக்குப் பெருமையாக இருக்கிறது. சம்பளம் பற்றிக் கேட்டால், தனியார் வைத்தியசாலை நிபுணரின் வருமானம் வராது என்று அவளிடமே இப்போதே சொல்லிவிடுங்கள்.

உயர்தரம் எழுதியிருக்கிறேன். பரிசோதகர் வேலைக்கு எப்படிப் போவது? (வத்தளை)

வர்த்தமானியில் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும். தகைமை, வயது எல்லை எல்லாம் அதில் இருக்கும், அந்த அறிவித்தலில் உள்ளதுதான் சட்டம். தெரிவானால் களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தின் பயிற்சித் திட்டத்தில் படிப்பீர்கள். பெறுபேறு வரும் வரை சும்மா இருக்காமல், உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் கேட்டு ஒரு நாள் டெங்கு வீட்டுச் சோதனைக்குக் கூடப் போய்ப் பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேர்கிற தட்டை இழுத்துப் பார்க்கச் சொல்வார். டோர்ச் வெளிச்சத்தில் குடம்பிகள் நெளிவது தெரியும். மழைக்கோட்டும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துப் போங்கள்.