மாமா எச்சரித்த தெருவில் வீடு எடுக்கலாமா?

கேள்வி: அலுவலக வேலையாக இரண்டு வருடம் நியூயார்க்கில் இருக்கப் போகிறேன். மன்ஹாட்டனில் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவுக்குக் கிழக்கே, அவென்யூ சி-யில் ஒரு பழைய கட்டடத்தில் வீடு பார்த்திருக்கிறேன். 1986-ல் அந்த ஊரில் படித்த என் மாமா, “அந்தப் பக்கம் பகலில்கூட நாங்கள் போனதில்லை” என்கிறார். புரோக்கரோ, “அதெல்லாம் பழைய கதை, வாடகை இன்னும் ஏறுவதற்குள் கையெழுத்துப் போடுங்கள்” என்று அவசரப்படுத்துகிறார். யாரை நம்புவது? எங்களைப் போன்றவர்கள் போவதால்தான் அங்கே இருந்தவர்கள் வெளியேற வேண்டியிருக்கிறதா?

பதில்: உங்கள் மாமா பயந்ததில் தப்பே இல்லை. 1980களின் தொடக்கத்தில் அந்தத் தெருக்களில் கைவிடப்பட்ட வீடுகளுக்குள் ஹெராயின் வெளிப்படையாகவே விற்பனையானது. அதை அடக்க 1984-ல் போலீஸ் தனி நடவடிக்கையே எடுத்தது. 1990-ல் நியூயார்க் நகரம் முழுவதிலும் 2,200-க்கு மேல் கொலைகள் நடந்தன. 2017-ல் அந்த எண்ணிக்கை 300-க்கும் கீழே வந்துவிட்டது. ஆக, பாதுகாப்பு விஷயத்தில் புரோக்கர் சொல்வதும் சரிதான். இப்போதைய நிலையை நீங்களே பார்க்கலாம்: அந்நகரப் போலீஸ் ஒவ்வொரு காவல் சரகத்தின் குற்றக் கணக்கையும் வாராவாரம் இணையத்தில் போடுகிறது.

ஆனால் “ஏரியா மாறிவிட்டது” என்று புரோக்கர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அது எப்படி மாறியது என்று தெரிந்தால்தான் எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது உங்களுக்குப் புரியும்.

அந்த வீடுகள் ஏன் கைவிடப்பட்டன? 1930களிலேயே அமெரிக்க நகரங்களின் வரைபடங்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று குறித்தார்கள். பல பத்தாண்டுகள் அங்கே பழுதுபார்க்கக்கூடக் கடன் கிடைக்கவில்லை. 1975-ல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்து, தீயணைப்பு உட்படச் சேவைகளை வெட்டியது. ஓனர்கள் பலர் சொத்து வரி கட்டாமல் கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தியவர்களும் உண்டு. “ரவுடி ஏரியா” என்ற பெயர் அங்கே வாழ்ந்தவர்கள் தலையில் விழுந்தது. சீரழிவுக்குக் காரணமானவர்கள் பெரும்பாலும் வேறு எங்கோ இருந்தார்கள்.

எல்லோரும் போனபோது போகாமல் இருந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பகுதியின் பெயரான லோயர் ஈஸ்ட் சைட் என்பதைத் தங்கள் வாயில் லோய்சாய்தா என்றார்கள். நீங்கள் போய்ப் பார்க்கும்போது அவென்யூ சி-யின் பெயர்ப் பலகையில் அந்தப் பெயரும் இருக்கும். இடிந்த வீடுகளின் செங்கலை அள்ளிக் கொட்டி அந்த மனைகளில் தோட்டம் போட்டார்கள். கிழக்கு 11-ஆம் தெருவில் 519-ஆம் எண் கட்டடத்தை, அதில் குடியிருக்கப் போகிறவர்களே தங்கள் உழைப்பைப் போட்டுப் புதுப்பித்து, 1970களின் நடுவிலேயே மாடியில் சூரிய வெப்பத் தகடுகளும் காற்றாலையும் வைத்தார்கள். பின்னாளில் காலி வீடுகளில் புகுந்து சரிசெய்து வாழ்ந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட 11 கட்டடங்களை 2002-ல் நகராட்சி ஒவ்வொன்றும் ஒரு டாலர் என்ற பெயரளவு விலையில் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தத் தெரு வாழத்தக்கதாக மாறியதில் இவர்கள் கை நிறைய இருக்கிறது. பணம் வந்தது அப்புறம்தான்.

பணம் ஏன் வந்தது என்பதற்கு நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-ல் ஒரு விளக்கம் சொன்னார். சீரழிந்த கட்டடம் இன்று தரும் வாடகைக்கும், அதே மனை நன்றாக இருந்தால் தரக்கூடிய வாடகைக்கும் இடையிலான தூரம் வருடாவருடம் அகலமாகிறது. அது போதுமான அளவு அகலமானதும் முதலீடு பாய்கிறது. ஏழைகள் வாழ்ந்த பகுதிக்கு வசதியானவர்கள் வந்து அது மாறிப்போவதைக் குறிக்கும் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்ற சொல்லை 1964-ல் லண்டனை வைத்து உருவாக்கிய சமூகவியலாளர் ரூத் கிளாஸ், எந்த வர்க்கம் வந்து எந்த வர்க்கம் போகிறது என்று பார்த்தார். ஸ்மித் பணத்தின் நடமாட்டத்தைப் பார்த்தார். வீடு தேடும் ஒருவருக்கு ஸ்மித்தின் பார்வைதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. கலைஞர்கள் வந்தார்கள், காபிக் கடை வந்தது, வாடகை ஏறியது என்று சொல்வது வழக்கம். ஆனால் புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் நதிக்கரையில் இன்று நிற்கும் உயரமான கட்டடங்கள் எந்த ஓவியர் வந்ததாலும் எழவில்லை. தொழிற்சாலை நிலத்தில் குடியிருப்பு கட்டலாம் என்று 2005-ல் நகராட்சி விதியை மாற்றியதால் எழுந்தவை.

அவென்யூ சி பக்கத்தில் வேலை செய்தது இன்னொரு விதி. இருப்பவர்களின் வாடகையை வருடத்துக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று நகரத்தின் வாடகை வாரியம் உச்சவரம்பு வைக்கும் வீடுகளை ‘ரென்ட் ஸ்டெபிலைஸ்டு’ என்பார்கள். 1990களில் ஒரு விலக்கு வந்தது: அப்படிப்பட்ட வீடு காலியாகி, சட்டப்படியான வாடகை 2,000 டாலரைத் தொட்டால் கட்டுப்பாட்டிலிருந்தே வெளியேறிவிடும். காலி செய்ய வைத்தால் லாபம் என்று சட்டமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடாது, புதுப்பிக்கிறோம் என்று மாதக்கணக்கில் தூசு பறக்கும், பணம் தருகிறோம் போய்விடுங்கள் என்று கதவைத் தட்டுவார்கள். 2019 ஜூனில்தான் மாநில அரசு அந்த விலக்கை நீக்கியது. அதற்குள் வெளியே போன வீடுகள் போனவைதான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. லான்ஸ் ஃப்ரீமனும் ஃபிராங்க் பிராகோனியும் 1990களின் நியூயார்க்கை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. மாறிவரும் பகுதிகளில் இருந்த ஏழைக் குடும்பங்கள், மற்றப் பகுதி ஏழைகளைவிடக் குறைவாகவே இடம் மாறியிருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு அவர்களைத் தாங்கியது ஒரு காரணம். அப்படியானால் பகுதி எப்படி மாறியது? ஒருவர் இறந்தோ இயல்பாக வேறு ஊர் போயோ வீடு காலியானபோது, அடுத்து அவரைப் போன்ற இன்னொருவரால் உள்ளே வர முடியவில்லை. இதற்கு எதிராக வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். துரத்தப்பட்டவர்களின் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை, நேரில் கேட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் குடிபோவது யாரையும் வெளியேற்றுமா என்பது, அந்த வீடு எப்படிக் காலியானது, எந்த விதியின் கீழ் உங்களுக்கு வாடகைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கட்டடம் 1974-க்கு முன் கட்டப்பட்டதா, ஆறு வீடுகளாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் வீடு ஸ்டெபிலைஸ்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் லீஸுடன் அதைச் சொல்லும் இணைப்புப் படிவம் வர வேண்டும், லீஸைப் புதுப்பிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஸ்டெபிலைஸ்டு இல்லை என்றால், 2024-ல் வந்த, தக்க காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். சிறிய ஓனர்களுக்கும் புதுக் கட்டடங்களுக்கும் அதில் விலக்கு உண்டு. நகராட்சியின் வீட்டுவசதித் துறை இணையதளத்தில் முகவரியைப் போட்டால் அந்தக் கட்டடத்தின் மீதான புகார்களும் விதிமீறல்களும் வரும். ஹீட்டர் இல்லை என்ற புகார் வரிசையாக இருந்தால் நான் அந்த வீட்டை எடுக்க மாட்டேன். கட்டடம் அண்மையில் கைமாறியிருக்கிறதா என்பதையும் நகரத்தின் சொத்துப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். கைமாறிய கட்டடத்தில் புகார்களும் திடீரென்று கூடியிருந்தால், அங்கே யாரையோ கிளப்பப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். முடிந்தால் மாடிப்படியில் எதிர்ப்படும் பழைய குடித்தனக்காரரிடம் பேசுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. 2012-ல் சாண்டி புயலின்போது அவென்யூ சி-யில் நதித் தண்ணீர் ஏறியது. தரைத்தளமோ அதற்குக் கீழோ என்றால் யோசியுங்கள். வெள்ள வரலாற்றை லீஸில் சொல்ல வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது.

அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. விண்ணப்பத்தோடு பின்னணி விசாரணைக்கென்று வாங்கும் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது. 2025 ஜூனிலிருந்து ஓனர் அமர்த்திய புரோக்கருக்கு ஓனர்தான் கமிஷன் தர வேண்டும். உங்களை அவசரப்படுத்துபவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

குடிபோன முதல் வாரத்திலேயே மாநில வீட்டுவசதித் துறைக்கு எழுதி, உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேளுங்கள். இலவசம்தான். ஒவ்வொரு வருடமும் பதிவான வாடகை அதில் இருக்கும். ஒரு வருடத்தில் தொகை திடீரென்று எகிறியிருந்தாலோ, நடுவில் சில வருடங்கள் பதிவே இல்லாமல் இருந்தாலோ, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அப்பகுதி வாடகைதாரர் சங்கத்துக்குப் போங்கள். சட்டத்தை மீறி அதிகம் வாங்கியது தெரிந்தால் உங்கள் வாடகை குறையலாம், கூடுதலாகக் கொடுத்த பணமும் திரும்பக் கிடைக்கலாம். இரண்டு வருடம் கழித்து நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டுக்கு வருபவரின் வாடகையும் அந்தச் சரியான தொகையிலிருந்தே கணக்கிடப்படும்.