சிரிப்பொலி இல்லாமல் பார்க்க முடியுமா?

கேள்வி: கொரிய யுத்தகால இராணுவ வைத்தியசாலையைப் பற்றிய ‘மாஷ்’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் இறுவட்டுகளை மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். காயப்பட்டவர்கள் வந்து இறங்கும் கதையில் யாரோ கூட்டமாகச் சிரிப்பது காதைக் குத்துகிறது. அதை நீக்க வழியுண்டா?
- வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: உண்டு. இறுவட்டின் ஒலித் தெரிவுகளுக்குள் சிரிப்பொலி இல்லாத ஆங்கில ஒலித்தடம் ஒன்றும் இருக்கும்; அதைத் தெரிவுசெய்யுங்கள். தொடரை உருவாக்கியவர்களுக்கே அந்தச் சிரிப்பில் விருப்பம் இருக்கவில்லை. ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனம் வற்புறுத்தியதால் அதைச் சேர்த்தவர்கள், சத்திரசிகிச்சைக் கூடக் காட்சிகளில் மட்டும் அது ஒலிக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். பதுங்குகுழிக்குள் இருந்தும் பகிடி விட்ட நம்மவர்களுக்கு, அந்த வைத்தியர்கள் ஏன் ஓயாமல் கேலி பேசுகிறார்கள் என்பதை எவரும் சிரித்துக் காட்டத் தேவையில்லை.

1975இல் வந்த மூன்றாம் பருவத்தின் கடைசிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். ஊருக்குப் புறப்பட்ட தளபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதை, முகக்கவசமும் அணியாமல் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் வரும் எழுதுவினைஞர் வாசிக்கிறார். ஏதோ ஒரு கருவி தரையில் விழும் ஓசை கேட்கிறது. ஆனால் வைத்தியர்களின் கைகள் நிற்பதில்லை.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்த யுத்தத்தை 1972 முதல் 1983 வரை பதினொரு பருவங்களாக நீட்டியதால், பிற்பகுதியில் உபதேசம் சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது. ஆகவே முதல் ஐந்து பருவங்களை ஆறுதலாகப் பாருங்கள். மிகுதியைத் தெரிந்தெடுத்துப் பார்த்தாலே போதும்.